எடுக்க முடியாத பணம்

போன மாதம் எங்கள் பழைய கிளையிலிருந்து நிவேதா என்ற இளம் அதிகாரி போன் செய்தார். விரைவில் ஓய்வுபெறப் போகிற அரசு ஊழியர்களுக்காக ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்களாம். கைக்கு வரும் மொத்தப் பணத்தைப் பாதுகாப்பாக எங்கே போடுவது என்று நான் பேச வேண்டுமாம்.

“சார், நீங்க சர்வீஸ் பூரா டெபாசிட் செக்‌ஷன்ல இருந்தவரு. உங்க அனுபவத்த சொன்னாலே போதும். கடைசியில மட்டும் நம்ம புதுத் திட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிடுங்க.”

“அந்தத் திட்டம் இன்னாம்மா?”

“அது வந்து சார், டெபாசிட் மாதிரி. ஆனா டெபாசிட் இல்ல.”

இந்த ‘மாதிரி’யை எனக்கு நன்றாகத் தெரியும். என் சர்வீஸில் பாதி அதன் பக்கத்தில்தான் கழிந்தது. கூட்டத்துக்குப் போனேன். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மைக் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. சாம்பார் சாதம் ஆறிப்போகிறது என்று காரணம் சொன்னார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தது தெள்ளார் கிளையில். அங்கே சில்லறை எண்ணவும், கிழிந்த நோட்டை வாங்காமல் இருக்கவும், மாட்டுக் கடன் வாங்கியவரிடம் மாடு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நாசூக்காக விசாரிக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அது வந்தால் எங்களுக்கு வேலை இருக்காது என்று பயந்தோம். வந்த பிறகு, கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டும், லெட்ஜரிலும் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்ததால் வேலை இரண்டு மடங்காகி நிம்மதி அடைந்தோம். அப்புறம் சொந்த ஊரான ஆரணிக்கு மாற்றல். வைப்புநிதி கவுண்டரில் உட்கார வைத்தார்கள். நடுவில் சில மாதம் தவிர, ஓய்வுபெறும் வரை அதே நாற்காலிதான்.

வைப்புநிதி என்பது நாங்கள் படிவத்தில் எழுதுகிற பெயர். ஊரில் அதற்குப் பெயர் பிக்சட். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும் வேலைதானே என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

முதலில் நேரம் பார்க்க வேண்டும். ராகு காலத்தில் என் கவுண்டரில் ஈ கூட உட்காராது. ராகு காலம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒன்றாக உள்ளே வரும். அஷ்டமி, நவமி இரண்டு நாளும் எனக்கு நிம்மதி. தசமியன்று சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது. செவ்வாய்க்கிழமைதான் சிக்கல். அன்றைக்குப் பணம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு கட்சி. பிக்சட்டில் போடுவது வெளியே போவதில் சேராது, உள்ளே வருவதில்தான் சேரும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் என் கவுண்டர் முன்னால் நின்றுதான் வாதாடும். தீர்ப்பு சொல்லச் சொல்லி என்னையே பார்ப்பார்கள். நான் நாள்காட்டியைப் பார்ப்பேன்.

அடுத்தது வயது. அறுபது முடிந்தவர்களுக்கு வட்டியில் அரை சதவீதம் கூடுதல். கல்யாண வீட்டில் வயதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிற அம்மாக்கள், என் கவுண்டரில் ஆதார் அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டுவார்கள். “நல்லா பாருங்க சார், போன மாசமே அறுபது ஆயிடுச்சு” என்பார்கள். பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வார்கள். அரை சதவீதத்துக்கு அப்படி ஒரு சக்தி.

மூன்றாவது, நாமினி. படிவத்தில் அது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியில் எத்தனையோ குடும்பங்கள் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டு வியாபாரி மனைவியோடு வந்திருந்தார்.

“நாமினி யாருங்க?” என்றேன்.

“போட்டே ஆகணுமா?”

“போட்டா நல்லதுங்க.”

“நான் போனப்பறம்தானே அது?”

“ஆமாங்க.”

அவர் மனைவி சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். வியாபாரி பேனாவை மூடினார். “அப்பறமா சொல்றேன்” என்று கிளம்பிவிட்டார். மறுநாள் தனியாக வந்து மகன் பெயரை எழுதினார். தீபாவளி கழிந்ததும் மகளோடு வந்து மகள் பெயருக்கு மாற்றினார். அந்த பிக்சட்டின் ஆயுளில் வட்டி விகிதம் மாறியதைவிட நாமினி மாறியதுதான் அதிகம்.

இவ்வளவுக்கும் நடுவில், ஓய்வுபெறுகிற ஒவ்வொருவரும் கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். “நீங்க உள்ள இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாததா? எதுல போட்டா நல்லா வரும், சொல்லுங்க.” எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொஞ்சம் அரசாங்கத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில், கொஞ்சம் பிக்சட்டில், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் சேமிப்புக் கணக்கில். சொல்வேன். அவர்கள் முகம் தொங்கிப்போகும். இவ்வளவுதானா என்று பார்ப்பார்கள். நல்லதை எனக்கென்று மறைத்து வைத்திருக்கிறேன் என்று முடிவுகட்டிக்கொண்டு போவார்கள். நான் ஓய்வுபெற்று என் பணத்தையும் அதே மூன்று இடத்தில் போட்டபோது, எதிர்வீட்டுக்காரர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவ்வளவு கல்லுளிமங்கனா நான் என்று அவருக்கு வருத்தம்.

இப்போது எங்கள் மேலாளர் சந்திரமௌலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சந்திரமௌலி யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். நெற்றியில் சின்னதாக விபூதி, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. திங்கட்கிழமை காலையில் வட்டார அலுவலகத்திலிருந்து வீடியோவில் கூட்டம் நடக்கும். எந்தக் கிளை எவ்வளவு இன்சூரன்ஸ் விற்றது என்று அதில் வரிசையாகக் கேட்பார்கள். அது முடிந்து அறையை விட்டு வெளியே வரும்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தலை நரைத்த முகத்தில் பார்வை நிற்கும்.

கடன் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் தலை நிமிராது. ஓய்வுபெற்றவர் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரை வருவார். முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். டீயிலும் இரண்டு தரம் உண்டு. சாதாரணமானவர்களுக்குக் காகிதக் கப். மொத்தப் பணம் வந்தவர்களுக்குப் பீங்கான் கோப்பை, தட்டில் இரண்டு பிஸ்கட். பிஸ்கட் தட்டு உள்ளே போனால், யாருக்கோ பணிக்கொடை வந்துவிட்டது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இன்சூரன்ஸ் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே மாட்டார். ‘நம்ம திட்டம்’ என்பார். பிரீமியம் என்று சொல்ல மாட்டார். ‘சேமிப்பு’ என்பார். அவருடைய முழுத் திறமையும் ‘லாம்’ என்ற இரண்டு எழுத்தில்தான் இருந்தது. “வருஷா வருஷம் கட்டணுமா சார்?” என்று கேட்டால், “கட்டலாம்” என்பார். “எப்ப வேணா எடுக்கலாமா?” என்றால், “எடுக்கலாம்.” கட்டாவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

அந்த அறைக்குள் ஒரு நாள் தனலட்சுமி அம்மா போனார்.

அவர் பெரணமல்லூர் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பக்கம் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு பைக் ஓட்டுகிற பலருக்கு முதல் ஊசி போட்டது அவர்தான். கணவர் இறந்து பல வருடம். மகன் சென்னையில் வேலை. ஆரணியிலேயே சின்னதாகச் சொந்த வீடு. இரண்டு தெரு தள்ளித் தம்பி குமரேசன், விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறார்.

பணிக்கொடை, பி.எஃப் எல்லாம் சேர்ந்து அவர் கணக்கில் வந்து விழுந்த வாரத்தில், அந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, வீட்டில் ஆள் மாற்றி ஆள் வந்தபடி இருந்திருக்கிறார்கள். எப்போதாவது பேசுகிற மகன் தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறான். நாலாவது நாள் சென்னையில் ஒரு ஃபிளாட் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. கண்ணமங்கலம் ரோட்டில் மனை விற்கிறவர் காரோடு வந்து கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார்.

“பக்கத்துலயே காலேஜ் வருதும்மான்னான் சார். எப்பப்பா வருதுன்னேன். வந்துகினே இருக்குதும்மான்னான். சுத்திப் பாத்தா ஒரு ஆடு மேய்ஞ்சுகினு இருந்துச்சு. அது ஒண்ணுதான் வந்துருந்துச்சு.”

இத்தனை பேரிடமிருந்து தப்பிக்கத்தான் அவர் வங்கிக்கு வந்தார். வங்கி என்றால் பாதுகாப்பு. பணிநிறைவு விழாவில் கொடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து என் கவுண்டர் முன்னால்தான் முதலில் நின்றார். நான் படிவத்தை எடுப்பதற்குள் சந்திரமௌலி வாசலுக்கு வந்துவிட்டார். “அம்மா, நீங்க ஏன் கியூவில நிக்கறீங்க?” பிஸ்கட் தட்டு உள்ளே போனது. வெளியே வரும்போது தனலட்சுமி அம்மா சிரித்துக்கொண்டு வந்தார். “எல்லாத்தையும் மேனேஜரே பாத்துக்கறேன்னுட்டாரு” என்றார். அவருடைய பணத்தில் சரிபாதி ‘நம்ம திட்ட’த்துக்குப் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் பளபளப்பான ஒரு புத்தகம். அட்டையில் வயதான ஜோடி ஒன்று கடற்கரையில் சிரித்துக்கொண்டே ஓடுகிறது. பாலிசி.

“ஏகாம்பரம் சார், இதுல ‘அடுத்த ஆண்டு செலுத்த வேண்டிய தொகை’ன்னு போட்டுருக்குது. அது அவங்க எனக்குச் செலுத்தறதா, நான் அவங்களுக்குச் செலுத்தறதா?”

மேலாளர் முடித்த காரியத்தில் எழுத்தர் தலையிடுவது வழக்கமில்லை. அதோடு, அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். விடுப்பு மனு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கூடத்தில் கூட்டம் வேறு. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது.

“நீங்கதாம்மா செலுத்தணும். இதே தொகைய, இன்னும் சில வருஷத்துக்கு.”

“என்கிட்ட ஏது சார்? எனக்கு வர்றது பென்ஷன்.”

“பாலிசி கைக்கு வந்து குறிப்பிட்ட கெடுவுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா, பணத்தத் திருப்பிக் குடுத்தாகணும். சின்னதா கொஞ்சம் பிடிச்சிப்பாங்க. அந்தப் பக்கத்துலயே போட்டுருக்கும், பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று படித்தார், என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி நாலு வரி எழுதினார். பிறகு நேராக மேலாளர் அறைக்குப் போனார். அந்த அறையின் கண்ணாடித் தடுப்பு கூரை வரைக்கும் போகாது. உள்ளே பேசுவது முன்வரிசையில் இருக்கிற எனக்கு நன்றாகக் கேட்கும்.

“இது வேணாம்னு எழுதிக்கினு வந்துருக்கேன் சார்.”

“ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?” கண்ணாடி வழியாக அவர் பார்வை என் மேல் விழுந்தது. நான் ரப்பர் ஸ்டாம்பில் தேதி சரியாக இருக்கிறதா என்று மிகக் கவனமாகப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல. எனக்கே படிக்கத் தெரியும்.”

“நல்ல திட்டம்மா. அவசரப்படாதீங்க. கம்பெனி ஆளும் இன்னிக்கு லீவு. திங்கக்கிழமை வாங்களேன்.”

“திங்கக்கிழமைக்குள்ள கெடு முடிஞ்சிடும் சார். பரவால்ல, நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டார். ஊசி வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீடுகளின் வாசலில் சர்வீஸ் பூராவும் உட்கார்ந்து பழகியவர் அவர். சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நகைக்கடன் கேட்டு ஒருவர் வந்தார், பேசிவிட்டுப் போனார். குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அந்தக் குழந்தையின் இருமலைக் கேட்டுவிட்டு, “ராத்திரியில மூச்சு இழுக்குதா? நாளைக்கே ஆஸ்பத்திரியில காட்டு” என்றார். மதியச் சாப்பாட்டுக்கு மேலாளர் எழுந்து போனபோதும் அதே நாற்காலியில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோதும் இருந்தார். கிளையில் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அந்த அறைப் பக்கம் ஒருமுறை போய் வந்தோம்.

சாயங்காலம் வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சந்திரமௌலி எழுந்து நின்றுகொண்டே பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. “யெஸ் சார், பண்ணிடலாம் சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய ‘லாம்’ அந்தப் பக்கத்தில் செல்லுபடியாகவில்லை போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தபோது செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.

“கால் ஏன் சார் இப்டி வீங்கியிருக்குது?” என்றார் தனலட்சுமி அம்மா.

“அது ஒண்ணுமில்லம்மா. பிரஷர் இருக்கு.”

“மாத்திரை போடறீங்களா?”

“போடறேன். ஆபீஸ் டென்ஷன்ல சில நாள் மறந்துடுது.”

“மறக்கறதுக்கு அது இன்னா குடையா? எத்தினி மாசமா இப்டி? ரத்தத்துல உப்பு கிப்பு இருக்குதான்னு டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா? வீட்ல யார் இருக்காங்க?”

சந்திரமௌலி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு குரலில் பேசினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

“டார்கெட்மா. மாசம் பொறந்தா உயிரை எடுக்கறாங்க. நீங்க இதைத் திருப்பிக் குடுத்தா என் கணக்குல கழிப்பாங்க. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் கேப்பாங்க.”

“எனக்கும் இருந்துச்சு சார் டார்கெட்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆளு புடிச்சுகினு வரணும். கொறைஞ்சா மீட்டிங்ல நிக்க வெச்சுதான் கேப்பாங்க.”

“அப்ப உங்களுக்குப் புரியும்.”

“நல்லாவே புரியுது. பேசிப் பேசி மனச மாத்தி கூட்டிகினு போயிருக்கேன், இல்லன்னு சொல்லல. ஒருத்தி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, வேணாம்க்கான்னு அழுதா. பஸ்ஸுக்குக் காசு குடுத்து அவள ஊட்டுக்கு அனுப்பிட்டேன். எனக்கு மெமோ வந்துச்சு. வாங்கிகினேன்.” தனலட்சுமி அம்மா பாலிசிப் புத்தகத்தை மேசையில் மேலாளர் பக்கமாகத் தள்ளினார். “இப்ப நான் அந்த வாசல்ல நிக்கறேன் சார். அனுப்பிடுங்க.”

சந்திரமௌலி அந்தக் கடற்கரை ஜோடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார். லீவில் இருந்த கம்பெனி ஆள் ஒரே போனில் வந்து சேர்ந்தான்.

பணம் முழுசாகத் திரும்பி வந்தது, ஏதோ முத்திரைத்தாள் செலவு என்று சின்னதாக ஒரு தொகை தவிர. என் விடுப்பு மனுவும் கையெழுத்தாகி வந்தது. அதோடு சேர்த்து, விடுப்பு முடிந்து வந்ததும் மறு உத்தரவு வரும் வரை நான் பாஸ்புக் அச்சடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆணையும் வந்தது. அந்த மெஷின் வாரத்தில் பாதி நாள் ஓடாது. ஏசிக்கு நேர் கீழே இருந்தது. தண்டனை என்று நினைத்து அவர் கொடுத்த அந்தச் சில மாதங்களில்தான் என் உடம்பு கொஞ்சம் தேறியது.

சந்திரமௌலி என்னோடு பகை பாராட்டவில்லை. அவர் ஓய்வுபெற்றபோது நான் மறுபடி பிக்சட் கவுண்டரில் இருந்தேன். விழா, மாலை எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, கூட்டத்தில் ஒருவராக என் முன்னால் வந்து நின்றார். எல்லாவற்றையும் பிக்சட்டில் போட வேண்டும், மூத்த குடிமக்கள் வட்டி சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும் என்றார்.

“சார், நம்ம திட்டத்துல கொஞ்சம்?” என்று மரியாதைக்குக் கேட்டேன்.

“எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்” என்றார், அவ்வளவு இயல்பாக.

இனி தனலட்சுமி அம்மாவின் மீதிக் கதை. பணம் திரும்பக் கணக்கில் விழுந்த மறுநாளே அவர் என்னிடம் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் முகமும் வழக்கம்போலத் தொங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை.

“சார், எந்தம்பி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி சொல்றான். நீங்க ஒரு வருஷத்துல குடுக்கற வட்டிய அவங்க ஒரு மாசத்துல குடுக்கறாங்களாம். அவனும் போட்டுருக்கான். வட்டியும் வந்துகினு இருக்குது. என் பணத்தயும் அதுல போடச் சொல்லி தெனமும் பேஜார் பண்றான்.”

அந்தக் கம்பெனி கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். வாசலில் கோலம், உள்ளே ஏசி, எல்லா மதத்துச் சாமி படமும் ஒரே சுவரில். பணம் கட்டுகிறவர்களுக்கு இனிப்புப் பெட்டி. எங்கள் வங்கியில் பேனாவையே நூலில் கட்டி வைத்திருப்போம்.

“அவ்ளோ வட்டி குடுக்கறதுக்கு அவங்க இன்னா தொழில் பண்றாங்கன்னு தம்பியக் கேட்டீங்களாம்மா?”

“கேட்டேன். அதெல்லாம் பெரிய எடத்து விஷயம், உனக்குப் புரியாதுன்னான்.”

“அவருக்குப் புரிஞ்சுதாமா?”

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே அந்த மூன்று இடத்திலும் பணத்தைப் பிரித்துப் போட்டோம். வெவ்வேறு காலத்தில் முடிகிற மாதிரி நாலைந்து பிக்சட். எல்லாம் முடிந்து ரசீதுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இத நடுவுல எடுக்கலாமா சார்?”

“எடுக்கலாம். வட்டி கொஞ்சம் குறையும்.”

“அது யாருக்கும் தெரிய வேணாம். எந்தம்பி வந்து கேட்டா, எடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?”

“உங்க மேனேஜர் சொல்ற மாதிரி சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஓய்வுபெற்றவர் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். திருடனிடமிருந்து பாதுகாக்கப் பெட்டி இருக்கிறது, மோசடிக்காரனுக்குப் போலீஸ் இருக்கிறது. பாசத்தோடு வந்து கேட்கிற சொந்தக்காரரிடமிருந்து பாதுகாக்க பிக்சட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ‘மாட்டிகினு இருக்குதுப்பா, எடுக்க முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. பழி வங்கியின் மேல்.

பழி என் மேல்தான் வந்தது. மறுவாரமே குமரேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். தறிக்கொட்டகையின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல்.

“எங்க அக்கா பணத்த நீங்க எப்டிங்க பூட்டலாம்?”

“அவங்க போட்டாங்க, நான் பதிஞ்சேன்.”

“சரி, எப்ப எடுக்கலாம்?”

“காலம் முடியட்டுங்க” என்றேன். பிக்சட் கவுண்டரில் சொல்கிற வார்த்தைதான். உண்மையும்கூட. சந்திரமௌலி அறைக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்போது அவருக்குச் சர்வீஸ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

“நீங்கள்லாம் பிழைக்கத் தெரியாதவங்க சார். ஊரே மேல போய்கினு இருக்குது” என்று சொல்லிவிட்டுக் குமரேசன் போனார். அந்த மாதமே கொட்டகையை அடகு வைத்து, வந்ததையும் அந்தக் கம்பெனியில் கட்டினார் என்று பின்னால் தெரிந்தது.

நான் மெஷினை விட்டு மறுபடி பிக்சட் கவுண்டருக்கு வந்த பிறகு, அந்தக் கம்பெனி ஒரு காலையில் திறக்கவில்லை. முதல் நாள் பூட்டை ஆடிட்டிங் என்றார்கள். இரண்டாவது நாள் சர்வர் கோளாறு என்றார்கள். அதற்கப்புறம் சொல்வதற்கு ஆளே இல்லை. கதவை உடைத்துப் பார்த்தபோது ஏசியையும் சாமி படங்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடவுளைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று ஒரு பெரியவர் என்னிடம் அழுதார். அவர் என்னிடம் யோசனை கேட்டு, முகம் தொங்கிப் போனவர்களில் ஒருவர்.

சில வாரம் கழித்துத் தனலட்சுமி அம்மா வந்தார். ஒரே ஒரு ரசீதை எடுத்து மேசையில் வைத்தார்.

“இத முறிக்கணும் சார்.”

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குமரேசன் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்து தொங்கியது.

“அம்மா, இதுக்குத்தான் இவ்ளோ பாடுபட்டமா?” என்றேன். எனக்குக் கோபமாகவே இருந்தது. “அவர் பண்ணினதுக்கு நீங்க கட்டணுமா?”

“அடகு புடிச்சவன் தறிய கழட்டிகினு போறேன்னு வந்து நிக்கறான் சார். தறி போச்சுன்னா அவன் உயிரோட இருக்க மாட்டான். ஓடி விழுந்து காயத்தோட அழுவுற புள்ளய, உன்னால தானேன்னு அடிப்பாங்களா?”

கம்ப்யூட்டரில் முதிர்வுக்கு முன் முடித்தல் என்ற பக்கத்தைத் திறந்தேன். காரணம் என்ற கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் மேலே போகாது. என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“மருத்துவச் செலவுன்னு போடுங்க” என்றார்.

போட்டேன். கையெழுத்து வாங்கினேன். அவர் எழுந்திருக்கும்போது என் பக்கம் குனிந்தார்.

“இதுதான் கடைசின்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். இதோட எங்கிட்ட காலி, இனிமே பென்ஷன் மட்டும்தான்னு. மீதி இருக்கறது தெரிஞ்சா, நாளைக்கே இன்னொரு கம்பெனி பேர சொல்லிகினு வந்து நிப்பான். நீங்களும் மூச்சு உடாதீங்க.”

வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி மூன்றாவது ஆளிடம் பேசக் கூடாது என்பது வங்கியில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். அதை ஒரு விதியாகத்தான் கடைப்பிடித்தேன். சந்தோஷத்தோடு கடைப்பிடித்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

குமரேசனின் தறிகள் பிழைத்தன. இப்போது அவர் ஆளே மாறிவிட்டார். காலையில் அக்கா வீட்டுக்கு இட்லி போகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு போகிறது. மாத்திரை தீர்வதற்குள் அவரே வாங்கி வந்து வைக்கிறார். போன வருடம் கண்ணில் புரை எடுத்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொல்ல அத்தனை செலவையும் அவர்தான் செய்தார். மகனும் மாதாமாதம் ஏதோ அனுப்புகிறானாம். ஃபிளாட் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அதற்கு நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்து கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. காலம் முடிகிற பிக்சட்டைத் தனலட்சுமி அம்மா சத்தமில்லாமல் வங்கிக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டு வருகிறார்.

போன வாரம் கடைத்தெருவில் குமரேசன் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“சார், அன்னிக்கு உங்கள ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க. எங்க அக்கா கையில இருந்ததெல்லாம் வழிச்சி எனக்குக் குடுத்துட்டாங்க. இனிமே அவங்களுக்கு நான்தான் சார் எல்லாம்.”

“நல்லதுங்க” என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் தனலட்சுமி அம்மா வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்டேன். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுவேன், ஆனாலும் அச்சில் வந்து தம்பி படித்துவிட்டால் வம்பாகிவிடுமே என்றேன். அவர் தம்பி அனுப்பிய இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டே சொன்னார்:

“தாராளமா எழுதுங்க சார். அவன் எதையாவது படிக்கற ஆளா இருந்தா, அந்தக் கம்பெனில ஏன் போடப்போறான்?”